வராத மோட்டருக்கு வாங்கிய மீட்டர்

முப்பத்தாறு வயதில் ஓய்வுபெற்றவள் என்று என்னை அறிமுகப்படுத்தினால் பலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கொழும்பு ஒருகொடவத்தையில் நான் வேலைபார்த்த கம்பனி தன் வடிவமைப்புப் பிரிவை மூடியபோது 'சுயவிருப்ப ஓய்வு' என்று தலைப்புப் போட்ட கடிதம் ஒன்றைத் தந்தது. அதில் சுயமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஓய்வு மட்டும் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் அப்பா வாங்கிய பிளாட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். அம்மா தம்பியோடு கனடாவில். காலையில் எல்லா அறைக் கதவுகளையும் திறந்து வைப்பேன், பின்னேரம் எல்லாவற்றையும் பூட்டுவேன். நாளின் பெரிய வேலை அதுதான்.

போன மாதம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் தங்கள் சஞ்சிகைக்காக என்னைத் தேடிப் பிடித்தார்கள். "அக்கா, தொழிற்சாலை முழுவதையும் போனிலேயே பார்க்கலாம். இன்னும் ஏன் ஊசி மீட்டர் வாங்குகினம்?" என்பது அவர்களுடைய கேள்வி. உற்சாகத்தில் குரல் பதிவுகளாக அனுப்பத் தொடங்கினேன். நான் ஓயும் குறியைக் காணாமல், "அக்கா, எழுதியே தாங்கோ" என்று விட்டார்கள். இதோ எழுதுகிறேன். பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

பல்கலைக்கழகத்தில் படித்ததையும் பயிற்சிக் காலத்தையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: சூத்திரங்கள் எல்லாம் தெரிந்திருந்தன, ஒரு மீட்டரைக் கடையில் கேட்டு வாங்கத் தெரியவில்லை. கம்பனியில் நாங்கள் செய்தது பனல் போர்ட். தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இரும்பு அலுமாரிகள். அவற்றின் கதவில் பதிக்கும் மீட்டர்களைத் தெரிவுசெய்வது, புதிதாக வந்தவள் என்பதால், என் தலையில் விழுந்தது. யாருக்கும் வேண்டாத வேலை. எனக்கோ ஒரு கிழமைக்குள் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஊசி மீட்டரை அம்பியர் பார்த்து வாங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் உள்ளே என்ன வகை என்று பாருங்கள். நேரோட்டத்துக்கு, அதாவது டிசிக்கு, அசையும் சுருள் வகை. அதன் கோடுகள் அடிமட்டம் போல் சம தூரத்தில் இருக்கும். மோட்டர்களுக்குப் போகும் ஏசி என்கிற ஆடலோட்டத்துக்குப் பெரும்பாலும் அசையும் இரும்பு வகை. அதன் கோடுகள் சமமாக இருக்காது. தொடக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், போகப் போக விரியும். ஆகவே இயந்திரம் வழமையாக ஓடும்போது ஊசி அந்த விரிந்த இடத்தில், முகத்தின் நடுவைத் தாண்டி நிற்க வேண்டும். அங்கே நின்றால்தான் கொஞ்சம் கூடினாலும் கண்ணில் படும். மோட்டர் கிளம்பும்போது சில கணங்கள் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்காகப் பெரிய அளவு மீட்டர் வாங்கத் தேவையில்லை. கடைசிப் பகுதியை மட்டும் சுருக்கி எழுதிய முகத்தோடு மோட்டர்களுக்கென்றே மீட்டர் உண்டு. பிறகு, கண்ணாடியில் எந்த யன்னலின் வெளிச்சம் விழும், பக்கத்தில் அதிர்வு உண்டா, உப்புக் காற்று உள்ளே போகுமா, நிமிர்த்திப் பொருத்தவென்று செய்த மீட்டரைச் சரிந்த மேசையில் பொருத்தப் போகிறார்களா. இவ்வளவும் பார்க்க வேண்டும். இலக்கங்கள் ஓடும் டிஜிட்டல் மீட்டரை வாசிக்க வேண்டும். ஊசியை வாசிக்கத் தேவையில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இடம் மாறியது தெரிந்துவிடும்.

இதெல்லாம் பட்டியல். எங்கள் பிரிவின் தலைவர் வரதன் சேருக்கு இந்தப் பட்டியலில் அக்கறை கிடையாது. நான் ஓடிப்போய் மேசையில் மீட்டரை வைத்து, வகுப்பு, அளவு, விலை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அவர் பெட்டியிலிருந்து எடுப்பார், இடதுபக்கம் சரிப்பார், வலதுபக்கம் சரிப்பார், நகத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு. ஊசி பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி.

"ஆர் பாக்கப் போகினம்?"

வாடிக்கையாளர் அனுப்பும் எந்தக் கடதாசியிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. தெரியாது என்று நான் சொன்னால் "பாப்பம்" என்று மீட்டரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். போய் விசாரித்து, கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக்காரர், கதவடியில் நின்று பார்ப்பார் என்று வந்து சொன்னால் அலுமாரி திறக்கும். சேருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்லது என்று ஒரு சொல் அவர் வாயால் வந்ததில்லை. மத்தியானம் எல்லோரும் கன்டீனில் சத்தமாகச் சாப்பிட, அவர் வரைபட மேசையில் பாணும் சம்பலும் வைத்துத் தனியே சாப்பிடுவார். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவில் எல்லா மேசைக்கும் ஆள் இருந்தது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக டோஹா, மெல்பேர்ன், டொரொண்டோ என்று போய்விட்டார்கள். மிஞ்சியது அவரும் நானும். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்து, ஒரு மின்விசிறியின் சத்தத்தைப் பங்குபோட்டுக்கொண்டு வேலைசெய்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் பின்னால் நடந்தது விளங்காது. கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் மேல்தட்டில் கம்பிகளை நீட்டியபடி விட்டுவைப்பார்கள், அடுத்த மாடி கட்டுவதற்கு. பனல் வாங்குகிறவர்களும் அப்படித்தான். "பியூச்சருக்கும் சேர்த்துப் போடுங்கோ" என்பார்கள். இப்போது சின்ன மோட்டர், ரெண்டு வருசத்தில் பெரியது வரும், அதற்கும் பொருந்துகிற மாதிரி எல்லாம் பெரிதாக. நாங்களும் போட்டுக் கொடுப்போம். யாரும் அதைப் பிழையாக நினைத்ததில்லை. தூரநோக்கு என்றுதான் நினைத்தோம்.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால், துறைமுகப் பக்கமாக ஒரு ஐஸ் பக்டரி. மீன் வள்ளங்களுக்குக் கட்டி ஐஸ் செய்கிற இடம். நான் சேருவதற்கு முன்பே எங்கள் கம்பனி போட்டுக்கொடுத்த பனல் அங்கே இருந்தது. ஒருநாள் மத்தியானம் அங்கே கொம்பிரசர் மோட்டர் எரிந்துபோனது. முதலாளி எங்கள் கம்பனியை நடத்தும் எம்டிக்குப் போன் எடுத்தார். பனலில் பிழையில்லை, இயந்திரத்தை ஓட்டும் இயக்குநரின் கவனக்குறைவு என்று ஒரு அறிக்கை தந்தால், ஆளை நிறுத்திவிட்டு இழப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எம்டிக்கும் அது வசதி. வரதன் சேரையும் என்னையும் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

இயக்குநரின் பெயர் செல்வராஜ். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். பக்டரியின் பின்பக்கம் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருந்தார்கள். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. நியமனக் கடிதம் என்று ஒன்று அவரிடம் இல்லை. வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும், மகளின் பள்ளிக்கூடமும் போகும். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. வாசலில் நின்ற காவல்காரர்தான் சிங்களத்தில் என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு "மிஸ் பார்த்துச் செய்யுங்கோ" என்பது போலத் தலையை ஆட்டினார்.

கொம்பிரசர் அறைக்கு யன்னல் இல்லை. ஒரு இயந்திரம் எரிந்து கிடக்க, பக்கத்துப் பழைய இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் என் சொந்தக் குரலே எனக்குக் கேட்கவில்லை. பனலின் முன்னால் போய் நின்றேன். அம்மீட்டரின் முகத்தில் அறுநூறு வரை எழுதியிருந்தது. எரிந்த மோட்டர் நூறு அம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுவது. அதாவது அதன் ஊசி ஆயுள் முழுக்க அந்த நெருக்கியடித்த மூலையில், பூச்சியத்துக்கும் நூறுக்கும் இடையில், கோடு போட இடமில்லாமல் வெறுமையாக விட்ட வெள்ளையில் நின்றிருக்கிறது. மின்னோட்டம் கூடினால் மோட்டரைத் தானாக நிறுத்திக் காப்பாற்ற வேண்டிய ரிலேயைத் திறந்து பார்த்தேன். அதன் மிகக் குறைந்த அளவே இந்த மோட்டருக்கு மிக அதிகம். எல்லாம் ஒரு பெரிய மோட்டருக்காக வாங்கியவை. அந்தப் பெரிய மோட்டர் வரவேயில்லை.

குளிர்விக்கும் குழாய்களில் அழுக்குப் படிந்து, கொம்பிரசருக்குப் பாரம் கூடி, மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது. ரிலே அசையவில்லை. மிஞ்சியது ஒரு மனிதனின் கண் மட்டும்.

சத்தத்துக்கு வெளியே, ஐஸ் இறக்கும் மேடைக்கு அவரைக் கூட்டிவந்து சேர் விசாரித்தார். முதலாளியின் மனேஜர் பக்கத்தில் நின்றார்.

"ஊசி எங்க நிண்டது?"

"எப்பவும் நிக்கிற எடத்துலதான் சார். அது எங்க போவும்?"

மனேஜர் சிரித்தார். போனைப் பற்றி முதலில் கேளுங்கள் என்றார். மோட்டர் எரிந்த நேரம் இவர் கையில் போன் இருந்ததை ஐஸ் ஏற்ற வந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சேர் செல்வராஜைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை.

"சம்சாரத்துக்கு மத்தியானந்தான் சார் கொஞ்சம் ஓய்வு. வீடியோல வரும்."

"இந்தச் சத்தத்தில என்ன கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது சார். மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பேன். அதுவும் பாத்துக்கிட்டு இருக்கும்."

மனேஜர் இதற்குச் சிரிக்கவில்லை. நான் மேடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தேன். கேள்வி முடிந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஆள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவரே ஒத்துக்கொண்டும் விட்டார். சேர் மட்டும் அந்த மீட்டரைக் கழற்றித் தரச் சொன்னார். கம்பனி வான் வண்டியில் திரும்பும்போது அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வழி நெடுகக் கொண்டெய்னர் லொறிகள்.

கம்பனிக்கு வந்ததும் பழைய வரைபடத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பெரிய மோட்டர் புள்ளிக்கோட்டில் வரைந்திருந்தது. கீழ் மூலையில், சரிபார்த்தவர் என்ற பெட்டிக்குள், அவருடைய சுருக்கொப்பம். அவர் அதை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் விரித்தபடியே விட்டார்.

அடுத்த நாள் வேர்க்ஷொப்பில், பக்டரியில் இருந்த அதே உயரத்தில் மீட்டரைப் பொருத்தி, தேவையான அளவு மின்னோட்டம் கொடுக்கும் கருவியோடு இணைத்தோம். செல்வராஜ் நிற்கும் தூரத்தில் சேர் தரையில் சோக்கால் கோடு போட்டார். கருவியின் குமிழைத் துணியால் மூடிவிட்டு, ஒவ்வொருவராக வந்து நில்லுங்கள், ஊசி கூடுகிறது என்று தெரிந்தால் கையைத் தூக்குங்கள் என்றார். வெல்டிங் செய்பவர்கள், ஸ்டோர்ஸ் ஆட்கள், நான். சாதாரண ஓட்டத்திலிருந்து மோட்டர் எரியும் அளவு வரை அவர் மெல்ல மெல்ல ஏற்றினார். ஊசி நகர்ந்த தூரம் ஒரு அரிசியின் அகலம் இருக்கும். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியவில்லை. யாரும் கை தூக்கவில்லை. என்ன கூட்டம் என்று பார்க்க வந்த எம்டியையும் சேர் கோட்டில் நிற்கச் சொன்னார். எம்டி உடனே கையைத் தூக்கினார். சேர் அப்போது குமிழைத் தொட்டிருக்கவேயில்லை. வெல்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எம்டிக்குக் கோபம் வந்துவிட்டது. சேரை அறைக்குள் வரச் சொன்னார். மீட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"வரதன், டெஸ்ட் எல்லாம் சரி. ஆள் போன் பாத்துக்கொண்டு நிண்டது உண்மை தானே?"

"உண்மை."

"அதை எழுதுங்கோ. அது போதும்."

"அதையும் எழுதுறன் சேர். போன் பாத்தது அந்த மனிசன்ர பிழை. மோட்டர் எரிஞ்சது என்ர பிழை. ரெண்டையும் ஒரே வரியில எழுதேலாது."

"ட்ரோயிங்கில இருக்கிறது உங்கட இனிஷியல். எல்லாரும் செய்யிற வேலை இது, பியூச்சருக்குப் போடுறது. உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஓம். நானும் ஒருத்தரையும் கேக்கேல்லை. அதான் பிழை."

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இப்படி வரும்: இயக்குநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. மீட்டரும் ரிலேயும் ஓடும் மோட்டருக்குப் பொருந்தாதவை. அவற்றைச் சரிபார்த்தவர் கீழே ஒப்பமிடுபவர். வாசித்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், ஒப்பமிட்டார். "ஆர் பாக்கப் போகினம் எண்டு அண்டைக்கும் கேட்டிருக்கலாம்" என்று சொன்னார், என்னிடம் இல்லை, பேனையை மூடிக்கொண்டு.

செல்வராஜின் வேலை தப்பியது. இழப்பின் ஒரு பகுதியைக் கம்பனி ஏற்க வேண்டி வந்தது. அதன் பிறகு எம்டி எங்கள் அறைக்குள் வருவதை நிறுத்தினார். தேவையானதை பியோன் மூலம் சொல்லி அனுப்புவார். சில கிழமைகளில் வரதன் சேரை ஸ்டோர்ஸ் கணக்குப் பார்க்க மாற்றினார்கள். சேர் அங்கும் பாணும் சம்பலும் கொண்டுபோய்த் தனியே சாப்பிட்டார். ஒருநாள் வரவில்லை. ராஜினாமாக் கடிதம் தபாலில் வந்தது என்றார்கள். களனியில் இருந்த வாடகை வீட்டுக்கு நான் தேடிப் போனபோது அங்கே வேறு குடும்பம் இருந்தது. அவருடைய பதவியும் அலுமாரிச் சாவியும் எனக்கு வந்தன. வாழ்த்துக்கள் என்று ஒரே ஒரு மின்னஞ்சல், ஆளணிப் பிரிவிலிருந்து.

ஐஸ் பக்டரிக்குப் புதிய கதவும் மீட்டரும் ரிலேயும் போட அளவெடுக்க நான் தனியாகப் போனேன். இந்த முறை எல்லாம் சரியாகச் செய்யப்போகிறேன் என்ற துடிப்பு எனக்கு. நூற்றைம்பது வரை நன்றாக விரிந்து அதற்கு மேல் சுருங்கும் முகம், தூரத்திலிருந்தும் தெரியும் பெரிய வட்டம், எல்லையைக் காட்ட ஒரு சிவப்பு முள். அதோடு ஊசி எல்லையைத் தாண்டினால் அடிக்கும் மணி ஒன்றையும் பையில் கொண்டுபோயிருந்தேன். மேடையில் வைத்து அதைச் செல்வராஜிடம் காட்டினேன். இது இருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை, போன் பார்த்தாலும் பரவாயில்லை என்றேன், பெருமையோடு.

அவர் மணியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பைக்குள்ளேயே மெதுவாக வைத்தார்.

"இது வேணாம் மிஸ்."

"ஏன்? நல்லாக் கேக்கும், சத்தத்துக்கும் மேலால கேக்கும்."

"கேக்கும் மிஸ். மொதலாளிக்கும் கேக்கும். மணியே அடிக்குதுன்னா ஆளு எதுக்குன்னு நெனைப்பாரு. ஊசின்னா யாராச்சும் பாத்துக்கிட்டு நிக்கணுமில்ல."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரிலே சரியாக இருந்தால் போதும், மோட்டர் தானாக நிற்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதை முதலாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். போனும் இனிக் கிடையாதாம். கொம்பிரசர் அறைக்குள் போவதற்கு முன் காவல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மீட்டர்தான் இனி நல்லாத் தெரியுமே, அதைப் பார் என்றாராம்.

குவைத்தில் ஓய்வு மத்தியானத்தில் மட்டும்தான் என்று சொன்னாரே, இனி எப்போது பேசுவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"மீட்டரு கொஞ்சம் கீழ வைக்க முடியுங்களா மிஸ்? நாள் பூரா நின்னு பாத்தா முழங்கால் கடுக்குது. ஸ்டூல் கேட்டா தூங்கிடுவன்னு சொல்றாங்க."

எங்கள் கம்பனியில் மீட்டரின் உயரம் நிற்கிற ஆளின் கண்ணுக்கு. எல்லா வரைபடத்திலும் ஒரே உயரம். மாற்றினால் எம்டி கேட்பார். ஆனால் எம்டிதான் எங்கள் அறைக்கு வருவதில்லையே. நான் செல்வராஜை ஐஸ் பெட்டியொன்றின் மேல் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவர் கண் வரை நாடாவால் அளந்தேன். புதிய கதவில் துளையை அந்த இடத்தில் வெட்டக் கொடுத்தேன். சரிபார்த்தவர் என்ற பெட்டிக்குள் என் சுருக்கொப்பத்தை இட்டேன்.

பொருத்திய நாளில் முதலாளி நேரில் வந்தார். கதவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன மிஸ், இடுப்புக்குக் கிட்ட வச்சிருக்கீங்க, பிழையா வெட்டிட்டாங்களா என்றார்.

"இல்லை. இந்த மீட்டரை நேரே பாக்கவேணும். மேல இருந்து பாத்தா ஊசி வேற இடத்தில நிக்கிறமாதிரித் தெரியும், பிழையா வாசிப்பினம்."

அது பொய்யில்லை. எந்த ஊசி மீட்டரும் அப்படித்தான், எந்த உயரத்திலும்.

"அப்ப இவன் நாள் முழுக்கக் குனிஞ்சுக்கிட்டா நிக்கிறது?"

"கதிரையில இருந்து பாக்கலாம்."

முதலாளி ஊசியைப் பார்த்தார். திருத்தி வந்த மோட்டரைக் கிளப்பச் சொன்னார். ஊசி பாய்ந்து கடைசி வரை போய், திரும்பி, சிவப்பு முள்ளுக்குக் கொஞ்சம் இப்பால், முகத்தின் நல்ல விரிந்த இடத்தில் வந்து நின்றது. அவர் நிமிர்ந்தபடி பார்த்தார், குனிந்து பார்த்தார், மறுபடி நிமிர்ந்தார். இன்னொரு மோட்டர் எரிவதை நினைத்திருக்க வேண்டும். மனேஜரின் காதில் என்னவோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு கதிரை வந்தது, கை வைத்த கதிரை. செல்வராஜ் அதன் நுனியில் உட்கார்ந்தார். முதலாளி வெளியே போன பிறகு நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தார். அந்தச் சத்தத்தில் என்னிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டாஞ்சேனைச் சந்திக்கு நடந்து பஸ் பிடித்தேன். அந்தக் கதிரையைப் பற்றி யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் போல இருந்தது. டொரொண்டோவில் அப்போது அம்மா, தம்பி எல்லோரும் நித்திரை. ஒருகொடவத்தையில் இறங்கி, மேலே போய், அறையைத் திறந்து மின்விசிறியைப் போட்டேன். வரதன் சேரின் மூலையைப் பார்த்து, "இருந்து பாக்கிற ஆள் சேர், கண் இந்த உயரத்தில" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு அடுத்த பனலின் வரைபடத்தை விரித்தேன்.